கொட்டகையின் காற்றுவழி

"ஒரு மணி நேரம் கண்ண மூட இந்த வீட்ல வழியில்ல" என்று அவள் ஒரு மதியம் சொன்னாள். வாக்கியம் நீளமானதும் அன்று, கடுமையானதும் அன்று. சொன்னவள் சொன்ன கையோடு அதை மறந்துபோனாள். கேட்டவர் மறக்கவில்லை. மறுநாள் மதியம் அவளுடைய கணவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோட்டத்தின் கோடியிலிருந்த மரக்கொட்டகைக்குப் போனார்.

அவள் பல் மருத்துவர். காலையில் ஒரு பொழுதும் மாலையில் ஒரு பொழுதும் பிறர் வாய்க்குள் குனிந்திருக்க வேண்டிய வேலை. இடைப்பட்ட மதியம் மட்டுமே அவளுக்கு உரியது. அவர் நிலப்படம் வரைபவர், வீட்டிலிருந்தே வரைவார், சாப்பாடு முடிந்ததும் அவரும் உறங்குவார். உறங்கினால் குறட்டை. அந்தக் குறட்டைக்குச் சுவர்கள் ஒரு பொருட்டல்ல.

தலையணையைத் தொடர்ந்து வரைபலகை போயிற்று. கொட்டகை ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றார். அதைத் தொடர்ந்து இரும்புக் கட்டில். தரையில் படுத்தால் இடுப்புப் பிடிக்கிறது. பிறகு தண்ணீர்க் குடுவை, மேசைவிளக்கு, மாற்றுச் சட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணத்தையும் குறைசொல்ல முடியாது. குளியலறைக் குவளையிலிருந்து அவருடைய பிரஷ் காணாமற்போன அன்றுதான் அவளுக்கு உறைத்தது. பல் மருத்துவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சாப்பாட்டு வேளைக்கு வருவார், சாப்பிடுவார், "நல்லா இருந்தது" என்பார், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பிப் போவார். சண்டையிட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். மரியாதையை என்ன செய்வது?

அவள் யாரிடமும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. குறட்டை கொட்டகைக்குப் போனபின் அவளுக்கு மிக நன்றாக உறக்கம் வந்தது. ஆனால் அது குறட்டை ஒழிந்ததால் வந்த உறக்கம் அன்று. இலைகளின் ஊடே வடிந்து, வெயிலில் காய்ந்து, அவளுடைய ஜன்னலை அடையும்போது அந்த ஒலி தன் முரட்டுத்தனத்தையெல்லாம் வழியிலேயே உதிர்த்திருந்தது. யாரோ ஈர மணலில் ஒரு படகை இழுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுக்கிறார்கள். படகு ஒருநாளும் தண்ணீரைச் சேர்ந்ததில்லை. அது சேர்வதற்குள் அவள் உறங்கிவிடுவாள்.

ஒரு மதியம் இமைகள் பாதி மூடியிருந்த நிலையில், ஜன்னலுக்கு வெளியே அவர் நிற்பதைக் கண்டாள். தலையை ஒருபுறம் சாய்த்து, அசையாமல், எதையோ எதிர்பார்ப்பவரைப்போல் நின்றார். உள்ளே வரட்டுமா என்று கேட்கப்போகிறார் என அவளுக்குத் தோன்றியது. கேட்டால் என்ன சொல்வது என்று முடிவெடுக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது செடிகள் மட்டும் நின்றன.

அதற்குச் சில நாளில் படகு நின்றுபோயிற்று. கொட்டகையிலிருந்து ஓர் ஒலியும் வரவில்லை. வீட்டில் எஞ்சியிருந்த தன் கடைசிப் பொருளையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என அவள் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து மதியங்களில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நிசப்தம் இவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலம் வந்து போனது. அது ஓய்ந்தபின் ஒரு காலையில் இரும்புக் கட்டிலின் கால் ஒன்று கொட்டகையின் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கிற்று. அவர் கட்டிலோடு சரிந்து, அடிபடாமல் எழுந்து, வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

"தரை கொஞ்சம் இறங்கிடுச்சு."

"எவ்வளவு?"

"கட்டில் கால் அளவுக்கு."

அவளுடைய தம்பி தச்சன். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்தான். தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். சிரித்து முடித்தபின் வந்தான். கொட்டகைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் மூக்கை உறிஞ்சினான்.

"பூசணம் அத்தான். எவ்வளவு நாளா இந்த வாசனை?"

"நான் காகித வாசனைன்னு நினைச்சேன் மச்சான்."

"உங்களுக்கு எல்லாமே காகிதம்தான்."

அவன் திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டு போனான். நல்ல மரம் தட்டினால் பதில் சொன்னது. கெட்ட மரம் ஒலியை விழுங்கிக்கொண்டது. சுவர்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினான். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் அது போயிற்று. பின்பக்கப் பலகைகளில் சிறுசிறு துளைகள். அவற்றின் கீழே மாவைவிட மெல்லிய பொடி குவிந்திருந்தது. பலகையை அவன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டவும், அந்தப் பொடி புகைபோல எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் மிதந்தது. மூவரும் அது படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிச்சட்டம் மக்கிடுச்சு. தூணுக்கெல்லாம் கால் இத்துப்போச்சு. பலகையில வண்டு" என்றான் தம்பி. "ஈரம் வந்தா பூசணம் வரும். பூசணம் மரத்தை இளக்கிக் கொடுத்தா வண்டு வரும். ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டா மத்தவங்களுக்கு அழைப்பு வேண்டாம். ஆனா அந்த ஈரம் எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல. கூரையில ஒரு சொட்டு ஒழுகல."

"இடிச்சுட வேண்டியதுதானா?" என்று அவள் கேட்டாள். குரலை இயல்பாக வைத்திருந்ததாக நினைத்தாள்.

"இடிக்கறதா? மேல்மரம் எல்லாம் இரும்பு மாதிரி நிக்குது அக்கா. கெட்டதை எடுத்துட்டு நல்லதை வச்சா நம்ம காலத்துக்குக் கவலையில்ல. அடுத்த வாரக் கடைசிக்குள்ள அத்தான் குடிபோயிடலாம்."

"அவசரமில்ல" என்றாள் அவள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். பால் பொங்குவதற்குக்கூடப் பொறுமை இல்லாத அக்காவிடமிருந்து அந்தச் சொல்லை அவன் முதன்முறையாகக் கேட்டான்.

கொட்டகை முடியும்வரை கணவர் வீட்டில் இருப்பார், முடிந்தால் போய்விடுவார். இதைவிட எளிய கணக்கு இல்லை. கட்டிலை முன்னறையில் போட்டார்கள். அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, மடியில் பலகையை வைத்து வரைந்தார். பிரஷ் குவளைக்குத் திரும்பவில்லை; அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், ரயிலுக்குக் காத்திருப்பவரைப்போல. மதியங்களில் அவர் படுக்கவேயில்லை. முதுகை நிமிர்த்தி, கண்களை அகல விரித்து, உறக்கத்தோடு நேருக்குநேர் போராடினார். அறைக்கதவுக்கு இந்தப் பக்கம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பேர் உறங்காமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி ஜாக்கி வைத்துக் கூரையை மயிரிழை உயர்த்தி முட்டுக்கொடுத்தான். தூண்களின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. கொட்டகையே தரையை விட்டுக் கிளம்பி, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பதுபோல் இருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பும் வழியில் அவள் வேலையைப் பார்க்க நின்றாள். அவன் ஒரு தூணில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"கெட்டது இங்கேயே முடியுதே. இவ்வளவு மேல ஏன் வெட்டற?"

"கண்ணுக்குக் கெட்டது இங்க முடியுது. பூசணம் அதுக்கும் மேல நூல் விட்டிருக்கும். ஒரு சாண் தள்ளித்தான் வெட்டணும்."

"நாங்க அப்படிச் செஞ்சா ஒரு வாயிலயும் பல்லு மிஞ்சாது."

"அதான் உன்கிட்ட வர்றவன் திரும்பத் திரும்ப வர்றான். என்கிட்ட ஒருமுறை வந்தா சரி."

"மரம் வலிக்குதுன்னு சொல்லாது. அந்தத் தைரியம் உனக்கு."

"உன்கிட்ட வர்றவங்களும் சொல்ல முடியாதுக்கா. வாயில உன் கை இருக்கும்."

இற்ற கால்களைச் சாய்வாக வெட்டி எடுத்து, அதே சாய்வில் செதுக்கிய புதுக்கட்டைகளைப் பொருத்தி, ஒட்டிப் போல்ட் முடுக்கினான். ஒவ்வொரு காலுக்குக் கீழும் மண் தொடாதபடி ஒரு கல். புதுமரத்துக்குப் பூச்சிமருந்து பூசினான். அவன் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து அவள் மீதி நாட்களை எண்ணினாள். திறமைசாலிகளைக் குடும்பத்தில் வைத்திருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை.

அவளிடம் கையடக்கமான துளைக்கருவி ஒன்று இருந்தது. வெளியூர் முகாம்களுக்கு எடுத்துச் செல்வது, மின்கலத்தில் ஓடும். ஒரு விடியற்காலை, கணவர் குளித்துக்கொண்டிருக்கையில், அதைச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மரப்பெட்டி ஒன்றின்மீது உட்கார்ந்தாள். புதிய தூணுக்கு எதிரே, நோயாளிக்கு எதிரே உட்காரும் தொலைவில். கருவி மெல்ல ரீங்கரித்தது. மரம் எதிர்ப்புக் காட்டாமல் திறந்துகொடுத்தது. பச்சைமரத்தின் இனிய வாசனை அவள் முகத்தில் அடித்தது. துளை ஒவ்வொன்றையும் போட்டு முடித்ததும் ஊதித் தூய்மை செய்தாள். பிறகு, ஊதக்கூடாது என்று நினைவு வந்து, பழைய பலகையின் அடியிலிருந்து கொஞ்சம் பொடியை அள்ளித் துளைகளின் கீழ் தூவினாள். வெளியே வந்தபோது புல்லின் பனி அப்படியே இருந்தது. தான் எழுந்ததே கனவிலோ என்று அவளுக்கு ஐயமாக இருந்தது. முந்தானையில் கருவி சூடாக இருந்ததால் தெளிந்தாள்.

காலை உணவுக்கு முன்னரே தம்பியின் குரல் வந்தது.

"அத்தான்! இங்க வாங்க! புதுமரத்துல வண்டு!"

கணவர் நிலப்படம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் போனார். தூணின்முன் குனிந்து, துளைகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தார். அவள் வாசலில் நின்றாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றான் தம்பி.

"பார்த்தா வண்டு மாதிரிதான் தெரியுது" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே.

"மருந்து பூசி ஈரம்கூடக் காயல. இப்படி ஒரு வண்டை நான் கண்டதில்ல. மறுபடி பூசிக் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கணும்."

"பார்க்கலாமே" என்றார் கணவர்.

"பார்க்கத்தான் வேணும்" என்றாள் அவள், சற்று விரைவாக.

அந்தக் கொஞ்ச நாள் ஒளிபுகும் திரைபோல அவளுடைய மதியங்களின்மேல் தொங்கியது. கணவர் முன்னறையில் இருந்தார். காகிதத்தின்மேல் பேனா நகரும் ஒலி கேட்டது. ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, அவளுடைய அறைக்கதவின்முன் நின்று, பிறகு போன காலடியும் கேட்டது. இது போதும் என்று ஒருபுறம் தோன்றிற்று. போதாது என்பதும் தெரிந்தது. ஆசை அளவறியாதது; எனவே கொஞ்ச நாள் முடியும் தறுவாயில் அவள் மறுபடி கருவியை எடுத்துக்கொண்டு போனாள். இம்முறை மற்றொரு தூண்.

தம்பி இம்முறை கூவவில்லை. மதியம் அவள் வந்ததும், "அக்கா, கொஞ்சம் வா" என்று கொட்டகைக்கு அழைத்துப்போய், அந்த மரப்பெட்டியில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தாள்.

"நேராப் பாரு. என்ன தெரியுது?"

துளைகள் சரியாக அவள் கண்ணுக்கு நேரே, கொஞ்சம் தாழ்வாக இருந்தன.

"வண்டு கிடைச்ச இடத்துல துளைக்கும். மேல, கீழ, இண்டு இடுக்குல. சாய்வாப் போகும், சந்தேகப்பட்டுத் திரும்பும். இந்த வண்டு பெட்டி போட்டு உக்காந்து, எதிர்ல இருக்கறவன் வாய் எங்க இருக்குமோ அந்த உயரத்துல மட்டும் துளைச்சிருக்கு. ஓட்டைக்கு விளிம்புகூடச் சீவி வச்சிருக்கு." அவன் ஒரு துளையைச் சுண்டுவிரலால் தடவினான். "சுத்தமான வேலைக்கா. இந்த வண்டு காலேஜ் போய்ப் படிச்ச வண்டு."

அவள் முகம் சிவந்தது. "அவர்கிட்ட சொல்லிடுவியா?"

"எதை? வண்டுக்கு உன் சாயல்னா?"

"டேய்."

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துட்டுப் போறாரு. இதுக்கு என் மரத்தை ஏன் சொத்தையாக்கற?"

"நானா போங்கன்னேன்? அவராப் போனாரு. வேணும்னா அவரா வரட்டும்."

"ஊரையெல்லாம் வாயத் தொறன்னு அதட்டற. உன் வாயத் தொறக்கத்தான் ஆளில்ல" என்றான் தம்பி. பிறகு, அக்காவின் கண்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "சரி விடு. கடைசித் தரைப்பலகை பாக்கி இருக்கு. அதை எடுத்துட்டா நான் வேலையை இழுக்க முடியாது. அதுக்குள்ள பேசு."

அவள் பேசவில்லை. பேச வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் எழுதினாள், அடித்தாள், திருத்தினாள். ஒவ்வொரு திருத்தத்திலும் அது நீளம் குறைந்தது. ஈற்றில் ஒன்றும் எஞ்சவில்லை.

மறுநாள் விடுமுறை. கொட்டகையின் மூன்று பக்கமும் மதிலும் மண்மேடும் நெருக்கியிருந்தன. வீட்டைப் பார்த்த நாலாவது பக்கத்தில் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன. தம்பி அந்தப் பக்கத்தின் கடைசிப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, கீழே குனிந்து, நெடுநேரம் நிமிராமல் இருந்தான். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுவதற்காக விட்டிருந்த வழிகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அவன் கையை விட்டு எதையோ இழுத்தான். ஒரு சட்டை வந்தது. இன்னொரு சட்டை. ஒரு பழைய கால்சட்டை. பிறகு, முடிவே இல்லாததுபோல், ஒரு நீலப் போர்வை வந்துகொண்டே இருந்தது. சலவைக்குப் போட்டதில் தொலைந்ததாக அவள் துவைப்பவரிடம் சண்டை பிடித்த போர்வை. எல்லாம் ஈரத்தில் கனத்து, வெண்பூசணம் பூத்திருந்தன.

"அத்தான், இது யார் வேலை?"

"என் வேலைதான்" என்றார் கணவர்.

"எலி வருதுன்னா?"

"இல்ல."

"குளிரா?"

"சத்தம்."

"வெளியே இருந்து உள்ள வர்ற சத்தமா?"

"உள்ள இருந்து வெளிய போற சத்தம்."

தம்பி உட்கார்ந்துவிட்டான். கணவர் பூந்தொட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டே, அதனிடம் அறிக்கை கொடுப்பவரைப்போல் சொன்னார். "அவங்க தூங்கற நேரம். இங்க வந்தும் சத்தம் அங்க போச்சுன்னா வந்ததுல என்ன அர்த்தம்? குறட்டைக்குப் பதிலா ரேடியோவை ஸ்டேஷன் பிடிக்காம இரைய விட்டுட்டு, அவங்க ஜன்னல்கிட்ட போய் நின்னு கேட்டேன். கேட்டுச்சு. பலகை இடுக்கு வழியா இறங்கி, இந்த ஓட்டை வழியாத்தான் போகுதுன்னு கண்டுபிடிச்சேன். ஒவ்வொண்ணா அடைச்சுட்டுப் போய்ப் போய்க் கேட்டேன். கடைசியில ஒண்ணும் கேக்கல."

"ஒரு குறட்டைக்காக மொத்தக் கொட்டகையையும் அழுக வச்சுட்டீங்களே அத்தான். இது மூச்சு விடற வழி."

"மரத்துக்கு மூச்சு வேணும்னு எனக்குத் தெரியாது மச்சான்."

அவள் ஈரப் போர்வையைக் கையில் எடுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலைசாய்த்து நின்ற அந்த உருவம் அவள் நினைவில் மெல்லத் திரும்பி, வேறு மனிதரின் முகத்தைக் காட்டியது. கேள்வி கேட்க வந்தவர் அல்லர். கேட்காமலிருக்கிறதா என்று கேட்க வந்தவர்.

"எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது" என்றாள்.

"தெரியும். அதான் அடைச்சேன்."

"அது கேட்டவரைக்கும்தான் தூங்கினேன்."

அவர் பூந்தொட்டியிலிருந்து பார்வையை எடுத்தார். தம்பி, காலடியில் ஒரு டப்பா நிறைய ஆணி இருக்கையில், "ஆணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனான்.

பேச வேண்டியதில் பெரும்பகுதி ஈரமாக அவர்கள் நடுவே குவிந்து கிடந்தது. அதைக் கொடியில் உலர்த்தினார்கள்; அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையை. பிழிந்த தண்ணீர் புல்லில் விழுந்தது. ஆனால் போர்வை உலர்வதாலேயே ஒருவர் வீடு திரும்பிவிடுவாரா என்பது அவளுக்குத் தெளிவாகவில்லை. சட்டைப் பையில் கைக்குட்டைச் சுருள் இன்னும் துருத்திக்கொண்டிருந்தது.

தம்பி தரையைப் போட்டு முடித்தான். காற்றுவழிகளைப் பழைய அளவைவிடப் பெரிதாக வெட்டி, எலி புகாதிருக்கக் கம்பிவலை அடித்தான். பொருக்குபோல் ஒட்டிக் கிடந்த மண்ணையும் சருகையும் மூன்று பக்கமும் வாரி எடுத்தான். கொட்டகை புதுமர வாசனையோடு, வெயிலில், ஏதோ நல்ல செய்தி கேட்டதுபோல் நிமிர்ந்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு அழகான கெட்ட செய்தியை அவள் கண்டதில்லை.

"வேலை முடிஞ்சது அத்தான்" என்றான் தம்பி, அக்காவைப் பார்க்காமல். "ஆனா ஒண்ணு. அந்தக் கட்டிலை உள்ள கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். அதுல வண்டு இருந்தா மறுபடி மரத்துக்கு ஏறும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கணவர் சிறிது யோசித்தார். "மச்சான், அது இரும்புக் கட்டில்."

தம்பி ஒரு கணம் திகைத்தான். பின்வாங்குவதற்கு இடமில்லை. "இரும்புக்கும் வரும். இது சாதாரண வண்டு இல்ல."

"அது எனக்கும் தெரியும்" என்றார் கணவர். "ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம் எல்லா இடத்துலயும் ஒண்ணு. ஒரு இடத்துலகூடப் பிசகல. கண்ணாடி வச்சுப் பார்த்த அன்னிக்கே அளந்துட்டேன்."

அவள் தம்பியைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கொட்டகை வேலை முடிஞ்சிருக்குமே."

தம்பி கருவிப்பெட்டியை மூடினான். தேவைக்குமேல் ஓசையாகவே மூடினான். "ரெண்டு பேரும் சேர்ந்து என் பிழைப்பைக் கெடுத்திருக்கீங்க. நான் மருந்துக்கடைக்காரனைத் திட்டிட்டு வந்தேன், போலி மருந்துன்னு. அவன்கிட்ட யார் போய் மன்னிப்புக் கேக்கறது?"

"நான் வரேன்டா" என்றாள் அவள்.

"நீ முதல்ல உன் சொத்தையை அடை. தூண்ல ஓட்டையோட நான் வேலையை ஒப்படைக்கறதில்ல."

அவள் மருத்துவமனையிலிருந்து பல்லடைக்கும் பசையைக் கொண்டுவந்தாள். அதே பெட்டியில் உட்கார்ந்து துளைகளை ஒவ்வொன்றாக நிரப்பி, மட்டம் பார்த்து, வழித்துவிட்டாள். கணவர் அருகே நின்று, விளக்கைப் பிடித்துக்கொண்டார். கடைசித் துளைக்கு வந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும்."

"எதுக்கு?"

"நிலம் அளக்கறப்போ ஒரு இடத்துல அடையாளம் வைப்போம். மத்த அளவெல்லாம் அதுலேருந்துதான் எடுக்கணும்."

அவர் குரலில் அலுவல்முறை மட்டுமே இருந்தது. ஆனால் விளக்கை அந்தத் துளையிலிருந்து அவர் எடுக்கவில்லை.

வரைபலகை மட்டும் கொட்டகைக்குத் திரும்பியது. அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது என்பது உண்மைதான். கட்டில், வண்டு குறித்த அச்சம் காரணமாக, வீட்டிலேயே தங்கியது. மறுநாள் காலை குளியலறைக் குவளையில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. அவருடையது இழைகள் விரிந்து, மாற்றவேண்டிய காலத்தைக் கடந்திருந்தது. அவள் புதியது ஒன்றை எடுத்துவைத்தாள்.

மதியம் சாப்பிட்டார்கள். "நல்லா இருந்தது" என்றார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பின்வாசல்வரை போய், பழக்கத்தால் தோட்டத்துப் பாதையில் ஒரு காலை வைத்து, நின்று, திரும்பினார்.

அவள் அறைக்கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பழகிய போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க" என்றாள், கூரையைப் பார்த்தபடி. "தூங்குங்க."

முதலில் ஒரு மூச்சு வந்தது, கூச்சத்தோடு. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு யாரோ ஈர மணலில் ஒரு படகை இழுக்கத் தொடங்கினார்கள். இலைகளின் வடிகட்டல் இல்லை. அருகில், முரட்டுத்தனமாக, ஜன்னல் கண்ணாடி அதிர இழுத்தார்கள். தான் அன்று சொன்ன வாக்கியத்தில் தவறு ஏதுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. படகு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. இந்தமுறை அதன் அடியில் தண்ணீர் குளிர்ச்சியாகத் தொட்டதை அவள் உணர்ந்தாள்.

மாலைப் பொழுதுக்கான நேரம் வந்தது; கடந்தது. மருத்துவமனையில் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டில் தொலைபேசி அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுக்க யாரும் விழித்திருக்கவில்லை. தோட்டத்தின் கோடியில் கொட்டகை தன் அடிவழியே காற்றை உள்ளே இழுத்து, பலகை இடுக்குகளின் வழியே நிதானமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது.